டெக்சஸ் கோடையில் ஹம்மிங்பேர்டும் நாய்க்குட்டிகளும்: முதலில் தண்ணீர், அப்புறம் கேமரா

கேள்வி சுருக்கமாக இதுதான். ஆஸ்டினுக்கு வடக்கே குடிவந்து முதல் கோடை. பின்பக்கத் தோட்டத்தில் ஃபீடர், அதாவது பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் குப்பி, மாட்டியதும் ஹம்மிங்பேர்ட் வர ஆரம்பித்துவிட்டது. ஆனால் படம் எல்லாம் கலங்கலாக வருகிறது, கழுத்து நிறம் வெறும் கறுப்பாகத் தெரிகிறது. அதே நேரத்தில் வீட்டிலுள்ள கறுப்பு லாப்ரடார் ஆறு குட்டிகள் போட்டுப் பத்து நாள் ஆகிறது. வெளியே தினமும் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ். மழையைக் காணோம். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

நானும் இதே பகுதியில்தான் பல வருடங்களாக இருக்கிறேன். 2011 கோடையை இங்கே கழித்தேன். அந்த வருடம் ஆஸ்டினில் 90 நாட்கள் 100 டிகிரியைத் தொட்டன. செப்டம்பரில் பக்கத்து பாஸ்ட்ராப்பில் காட்டுத்தீ பரவி 1,600-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2023-இல் தொடர்ந்து 45 நாட்கள் பகல் உச்ச வெப்பம் 100-க்குக் கீழே இறங்கவே இல்லை. இந்த இரண்டு கோடையிலும் என் வீட்டில் குட்டிகள் இருந்தன, ஃபீடரும் இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பறவையையும் நாயையும் தனித்தனி வேலையாக நினைக்காதீர்கள். இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான். நிழல், சுத்தமான தண்ணீர், அதிகாலை நேரம். தோட்டத்தை அதற்கு ஏற்றபடி அமைத்துவிட்டால் படம் பின்னாலேயே வரும்.

முதலில் நேரம். நம் ஊரில் சாயங்காலம் ஐந்து மணி என்றால் வெயில் தாழ்ந்திருக்கும். இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பதால் உச்சிப்பொழுதே மதியம் ஒன்றரை மணிக்குத்தான் வருகிறது. ஐந்து மணிதான் நாளின் கொடுமையான வேளை. புதிதாக வருகிறவர்கள் இதில் ஏமாந்து, ஆபீஸ் முடிந்த கையோடு நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஜூலையில் ஆறரை மணி வாக்கில் விடிகிறது. அதிலிருந்து ஒன்பது மணி வரை உங்களுடைய நேரம். மாலையில் எட்டு மணிக்கு மேல் இன்னொரு அரை மணி நேரம் கிடைக்கும், அப்போது ஹம்மிங்பேர்ட் இரவுக்காக வயிற்றை நிரப்பிக்கொள்ள அடிக்கடி வரும். நடுவில் உள்ள நேரம் ஃபீடர் கழுவவும் குட்டிகளை எடை போடவும் படங்களைப் பிரித்துப் பார்க்கவும்.

சரி, பறவைக்கு வருவோம். இது நம் ஊர்த் தேன்சிட்டு இல்லை. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையைப் பிடித்துக்கொண்டு குடிக்கும். ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்று குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. உங்கள் தோட்டத்துக்கு இப்போது வருவது அநேகமாக பிளாக் சின்ட் என்ற வகை. மார்ச் மாதம் மெக்சிகோவிலிருந்து வந்து இங்கேயே கூடு கட்டுகிற பறவை. எடை மூன்று கிராம் சொச்சம். ஆணின் மோவாய் கறுப்பு, அதற்குக் கீழே மெல்லிய ஊதாப் பட்டை. அந்தப் பட்டைதான் உங்கள் படத்தில் காணாமல் போகிறது.

காரணம், அந்த ஊதா சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் நிறம் பிறக்கிறது. கோணம் கொஞ்சம் மாறினாலும் கறுப்பாகிவிடும். அதனால் காலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். பறவை உங்கள் பக்கம் தலையைத் திருப்புகிற ஒரு கணத்தில் ஊதா பளிச்சென்று எரியும், அடுத்த கணம் அணையும். பத்து படத்தில் ஒன்றில்தான் அது விழும். அது கேமராவின் குறையும் இல்லை, உங்கள் குறையும் இல்லை.

கலங்கலுக்குக் காரணம் ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடுகிற நேரம். இதன் சிறகு நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அடிக்கிறது. ஒரு அடிப்புக்கு ஐம்பதில் ஒரு நொடி. நீங்கள் ஐந்நூறில் ஒரு நொடி வைத்தால் அதற்குள் சிறகு தன் முழு வீச்சில் பத்தில் ஒரு பங்கைக் கடந்துவிடும், படத்தில் புகை மாதிரி தெரியும். மூவாயிரத்தில் ஒரு நொடிக்கு மேலே போங்கள். லென்ஸ் துளை எஃப் 6.3 அல்லது 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை, தொடர் ஃபோகஸ், தொடர் படங்கள். சிறகு நுனியில் லேசான கலங்கல் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். கண்ணும் அலகும் கூர்மையாக இருந்து, சிறகு நுனி கொஞ்சம் கரைந்திருந்தால்தான் பறக்கிற உயிர் மாதிரி இருக்கிறது.

சிறகை முழுவதும் நிறுத்த வேண்டும் என்றால் ஃபிளாஷ்தான் வழி. ஃபிளாஷை முப்பத்திரண்டில் ஒரு பங்கு சக்தியில் வைத்தால் அதன் ஒளி பத்தாயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகவே நீடிக்கும். சிறகை நிறுத்துவது ஷட்டர் இல்லை, அந்த ஒளித்துளி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930-களிலேயே தன்னுடைய ஸ்ட்ரோப் என்ற மின்னல்வேக விளக்கால் ஹம்மிங்பேர்டைப் படம் பிடித்துக் காட்டியது இந்த முறையில்தான். நிழலில் மூன்று நான்கு ஃபிளாஷ்கள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. முதல் கோடையில் வேண்டாம். கூட்டருகே எந்தக் கோடையிலும் வேண்டாம்.

இப்போது ஒரு சின்ன விஷயம், இதுதான் எனக்கு அதிகப் படங்களைத் தந்தது. ஒரு காலைப்பொழுது கேமராவைத் தொடாமல் ஃபீடரை மட்டும் பாருங்கள். பறவை அலகை உள்ளே விட்டு மூன்று நான்கு மிடறு குடிக்கும். அப்புறம் ஒரு சாண் பின்னால் நகர்ந்து, அந்தரத்தில் நின்று, அக்கம்பக்கம் பார்க்கும். மறுபடி முன்னால் வரும். அந்தப் பின்வாங்கும் இடம் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே இடம். ஃபோகஸை அங்கே வைத்துக் காத்திருங்கள். ஃபீடரின் சிவப்புப் பிளாஸ்டிக் படத்துக்குள் வராது, பறவை மட்டும் வெறும் காற்றில் நிற்கும். ஃபீடரில் நான்கு துளை இருந்தால் மூன்றை டேப் ஒட்டி மூடிவிடுங்கள், பறவை எந்தப் பக்கம் வரும் என்பது உங்கள் கையில் இருக்கும். பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சியையும் நட்டு வையுங்கள். தோட்டத்தை ஆளுகிற ஆண் பறவை அதில் உட்கார்ந்து காவல் காக்கும். விரட்டப் போகும், திரும்பி அதே குச்சிக்கு வரும். மற்ற பறவைகள் பாவம், பசியோடு போகும். அவற்றுக்காக வீட்டின் மறுபக்கத்தில், அந்த ஆணின் பார்வை படாத இடத்தில் இன்னொரு ஃபீடர் மாட்டிவிடுங்கள்.

வறண்ட கோடையில் மட்டும் வருகிற இரண்டு தொல்லைகள். ஒன்று கானல். சுட்ட சிமென்ட் தரைக்கு மேலே காற்று நெளியும், எவ்வளவு நல்ல லென்ஸ் என்றாலும் படம் குழைந்துவிடும். தூரத்தைக் குறைப்பதுதான் மருந்து. மூன்று நான்கு மீட்டரில் உட்காருங்கள், ஹம்மிங்பேர்ட் பயப்படாது. ஆனால் சில பெரிய லென்ஸ்கள் இவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகாது, வாங்குமுன் பாருங்கள். இன்னொன்று பின்னணி. ஜூலைக்குள் புல் எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும். தூரத்தில் நிழலில் நிற்கும் லைவ் ஓக் மரம் பின்னால் வரும்படி ஃபீடரை மாற்றினால் பச்சை கிடைக்கும். அப்புறம், காலையில் இங்கே காற்றில் ஈரம் அதிகம். ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் மூடுபனி பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிட்டுக் காபி போடப் போங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு கப் தண்ணீர். அவ்வளவுதான். நம் வீடுகளில் நல்ல எண்ணத்தில் நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் தேனும் கலக்கிறார்கள். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் உள்ள இரும்புச்சத்து இந்தப் பறவைக்கு ஆகாது. தேன் கலந்த தண்ணீரில் பூஞ்சை சீக்கிரம் வளரும். சிவப்புச் சாயமும் தேவையில்லை, ஃபீடரின் சிவப்பே போதும். 90 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் தினமும் மாற்றுங்கள், அதிகம் போனால் ஒன்றுவிட்டு ஒரு நாள். பாதி மட்டும் நிரப்புங்கள், கொட்டுவது குறையும். வெந்நீரும் வினிகரும் விட்டு, துளைக்குள் நுழைகிற சின்ன பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு ஃபீடரைக் கூட ஒழுங்காகக் கழுவ நேரமில்லை என்றால் மாட்டாமலே இருப்பது நல்லது.

இனி நாய்க்குட்டிகள். பத்து நாள் குட்டிக்கு இந்த ஊரில் உள்ள சங்கடம் பலருக்குப் புரிவதில்லை. வெளியே வெயில் கொளுத்தும்போது, உள்ளே குட்டிக்குக் குளிரும். பிறந்த குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் அது படுக்கிற இடம் 85 முதல் 90 டிகிரி இருக்க வேண்டும், பிறகு வாரம் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். தாய்க்கோ அந்தச் சூடு தாங்காது, மூச்சிரைக்கும். எனவே அறையை ஏ.சி.யில் 76 அளவில் வைத்துவிட்டு, குட்டிகள் படுக்கும் பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் மட்டும் குறைந்த சூட்டில் ஹீட்டிங் பேட், அதன்மேல் கெட்டித் துணி. மறுபாதி குளிர்ச்சியாக இருக்கட்டும். குட்டிகளே நகர்ந்து தமக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்து முனகினால் குளிர். ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்து கத்தினால் சூடு. அருகருகே படுத்து, தூக்கத்தில் கால் உதறிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி.

சமையலறைத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் கழுத்தில் ஒரு நிறக் கயிறு, தினமும் ஒரே நேரத்தில் எடை, ஒரு நோட்டில் குறிப்பு. பத்து நாளைக்குள் பிறந்த எடை இரண்டு மடங்கு ஆகியிருக்க வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனியுங்கள், இறங்கினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பால் போதவில்லை என்று பசும்பால் கொடுக்க வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும்; குட்டிகளுக்கென்றே விற்கிற பால்பொடி இருக்கிறது. தாய்க்கு இப்போது வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும், தண்ணீர் எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். பாலூட்டும் தாய் திடீரென்று நடுங்கினாலோ, தள்ளாடினாலோ, கால் விறைத்தாலோ அது வெயிலின் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கலாம். அது அவசரம். உடனே கிளம்ப வேண்டியதுதான்.

இந்த வாரக் கடைசியில் கண் திறக்கும். மூன்றாவது வாரம் நக்கிக் குடிக்கப் பழகும், நான்காவது வாரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த குட்டித் தீனி. நம் வீட்டு விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். மிஞ்சிய சாம்பார் சாதத்தை நாய்க்குப் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும், பாயசத்திலும் கேசரியிலும் போடுகிற உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். விருந்தாளிகளிடமும் சொல்லி வையுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பு இன்னும் மோசம், கைப்பைகளைத் தரையில் வைக்க விடாதீர்கள்.

ஐந்தாவது வாரம் குட்டிகள் வெளியே வரும்போதுதான் உங்கள் இரண்டு வேலையும் ஒரே தோட்டத்தில் சந்திக்கும். 2011-இல் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நல்ல நிழல் என்று குட்டிகளுக்கான வேலியை ஃபீடர் மாட்டிய மரத்தடியில் போட்டேன். ஃபீடரிலிருந்து ஒவ்வொரு சொட்டாகச் சர்க்கரைத் தண்ணீர் கீழே விழுந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த வறட்சியில் தோட்டத்தில் ஈரமாகவும் இனிப்பாகவும் இருந்த ஒரே இடம் அதுதான். இரண்டு நாளில் ஃபயர் ஆன்ட், இந்த ஊர் நெருப்பெறும்பு, அங்கே புற்றுக் கட்டிவிட்டது. ஒரு குட்டியின் அடிவயிற்றில் மயிர் இல்லாத இடமெல்லாம் கொப்புளம். அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. குட்டி பிழைத்தது. அன்றிலிருந்து ஃபீடரும் குட்டி வேலியும் தோட்டத்தின் எதிரெதிர் மூலைகளில்தான். ஃபீடருக்கு மேலே தண்ணீர் நிறைத்த சின்னக் கிண்ணம் ஒன்றை மாட்டினால் எறும்பு கம்பி வழியே இறங்காது. கம்பியில் எண்ணெய் தடவாதீர்கள், அது இறகில் ஒட்டினால் பறவை பறக்க முடியாமல் போகும். ஒவ்வொரு நாள் காலையும் குட்டிகளை இறக்கும் முன் வேலிக்குள் வெறும் கண்ணால் தரையைப் பாருங்கள். வறட்சியில் பாம்பும் தேளும்கூடத் தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடி வரும்.

செடிகளிலும் கவனம் வேண்டும். அரளியை இங்கே சாலையோரம் முழுக்க அழகுக்காக வைத்திருக்கிறார்கள். அதன் விஷம் நம் ஊர் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. சேகோ பாம் என்ற சின்னப் பனை போன்ற செடியின் கொட்டை இரண்டு தின்றாலே நாயின் ஈரலை முடித்துவிடும். வீட்டின் பழைய சொந்தக்காரர் நட்டிருந்தால் குட்டிகள் வெளியே வருமுன் வேரோடு எடுங்கள். பதிலாக டர்க்ஸ் கேப் வையுங்கள். நம் செம்பருத்தியின் உறவு, மலராமல் சுருண்டே நிற்கும் சிவப்புப் பூ, நிழலிலும் வறட்சியிலும் பூக்கும். ஹம்மிங்பேர்டுக்கு உயிர். ரெட் யக்காவும் ஃபிளேம் அகாந்தஸும் அப்படியே. எது எங்கே வளரும் என்று நேரில் பார்க்க ஆஸ்டினிலேயே லேடி பேர்ட் ஜான்சன் காட்டுப்பூ மையம் இருக்கிறது, 1982-இல் தொடங்கியது, ஒரு காலை நேரம் போய்வாருங்கள்.

வெளியே விடும்போது உங்கள் புறங்கையைத் தரையில் ஏழு நொடி வையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் குட்டியின் பாதத்தாலும் முடியாது. தோட்டக் குழாயைத் திறந்ததும் முதலில் வருகிற தண்ணீர் வெயிலில் கிடந்த கொதிநீர். அதைக் குட்டிமேல் அடித்துவிடாதீர்கள், செடிக்கு விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பாத்திரத்தில் பிடியுங்கள். குட்டி இடைவிடாமல் இரைத்தால், எச்சில் கெட்டியாக வழிந்தால், தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது. நாயின் சாதாரணச் சூடு 101 முதல் 102.5 வரை, 104-க்கு மேல் போனால் ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறியை வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். தெளிந்துவிட்ட மாதிரி இருந்தாலும் போங்கள். உள்ளுறுப்பில் சேதம் பிறகுதான் தெரியும்.

தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் போட வேண்டும். அது முடியும்வரை நாய்ப் பூங்கா வேண்டாம். பார்வோ என்ற, குட்டிகளைக் கொல்லக்கூடிய நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், இந்த வெயில் அதைக் கொன்றுவிடும் என்று நம்பாதீர்கள்.

குட்டிகளைப் படம் எடுப்பது பறவைக்கு நேர் எதிர். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஜன்னல் ஓரம், மெல்லிய திரை, நீங்கள் வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு, லென்ஸ் குட்டியின் கண் உயரத்தில். கறுப்புக் குட்டிகளைக் கேமரா சாம்பலாக்கிக் காட்டும், கேமராவில் ஒளி அளவைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கண்ணில் ஜன்னலின் வெள்ளைப் புள்ளி விழுந்தால்தான் அந்தக் கறுப்பில் முகம் தெரியும். கண் திறந்த முதல் நாட்களில் விழி நீலம் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும், அந்தப் படத்தை விட்டுவிடாதீர்கள், அது நெடுநாள் இருக்காது.

ஆகஸ்ட் கடைசியில் குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும், புது வீடுகளுக்குப் போகலாம். உங்கள் குச்சியில் காவல் இருந்த பிளாக் சின்ட் ஆண் அதற்குள்ளேயே தெற்கே போயிருக்கும், வயதுவந்த ஆண்கள்தான் முதலில் கிளம்பும். அந்த இடத்துக்கு வடக்கிலிருந்து ரூபி த்ரோட் வரும், கழுத்து ரத்தச் சிவப்பு. மெக்சிகோ வளைகுடாவை எண்ணூறு கிலோமீட்டர் நிற்காமல் கடக்கப் போகிற பறவைகளும் அதில் இருக்கும், கொழுப்பு ஏறிக் குண்டாகத் தெரியும். ஃபீடர் இருந்தால் பறவை வலசை போகாமல் தங்கிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள். பகல் குறையும்போது அது தானே போய்விடும். ஒரு ஃபீடரை நவம்பருக்குப் பிறகும் மாட்டி வையுங்கள். குளிர்காலத்தில் எப்போதாவது செம்பழுப்பு நிற ரூஃபஸ் ஒன்று தனியாக வந்து நிற்கும். அப்போது கானலும் இருக்காது, உட்கார்ந்து எடுக்கலாம்.